அறுபத்தோராவது பிழை

ஜூன் 4, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. வழக்கம்போல் தைனிஸின் ஜெராக்ஸ் கடை மாடியில் வாசகர் வட்டத்தினர் கூடினோம். வாட்ஸப்பில் கை தூக்கியவர்கள் பதினான்கு பேர், வந்தது ஏழு. நான்கு மணிக்குக் கூட்டம் என்றால் எனக்கு நான்கு மணிதான். ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு நாலேகால் என்பது வேறு வண்டி.

‘ஒன்பது காற்றுகள்’ எட்டாம் பாகம் வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருடம். காற்றைக் கயிற்றில் முடிந்து வைக்கத் தெரிந்த திகழி என்ற பெண்ணின் கதை. பாகத்துக்கு ஒரு காற்றாக எட்டு முடிச்சுகளை அவிழ்த்துவிட்டாள். ஒன்பதாவது முடிச்சில் விரலை வைத்தபடி நிற்கிறாள். பன்னிரண்டு வருடமாக நிற்கிறாள். கை மரத்துப் போயிருக்கும்.

புதிதாகச் சேர்ந்த வங்கிக்காரர் ஒருவர், இதை எழுதிய செங்கமலம் அம்மா வாசகர்களை ஏமாற்றிவிட்டார் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே, நாற்பது தீவு, ஆறு மொழி, முந்நூறு மனிதர்கள் கொண்ட ஒரு கடலைத் தனி ஆளாக உண்டாக்கிய அம்மா அவர். பின்னட்டை உள்பக்கத்தில் அவரே கையால் வரைந்த வரைபடம் இருக்கும். கீழே ‘ஒரு விரல் அகலம், ஒரு நாள் பயணம்’ என்று அளவு. இதற்கெல்லாம் கையெடுத்துக் கும்பிடவேண்டும், கணக்குக் கேட்கக்கூடாது என்றேன். அவர் அடுத்த மாதம் வரமாட்டார். நல்லது.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். எட்டாம் பாகம் வந்த மறுவருடம் நான் அம்மாவுக்கு ஒரு பட்டியல் அனுப்பினேன். எட்டு பாகங்களிலும் நாள் கணக்கும் தூரக் கணக்கும் எங்கெங்கே இடிக்கின்றன என்று முப்பத்தெட்டுப் பக்கம், இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகள். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. அட்டை அவர் கையெழுத்தோடு திரும்பி வந்தது. விளம்பரம் வேண்டாமென்று பெயர் போடாமல் ‘ரயில்வேயில் பணிபுரியும் தங்கள் வாசகன், திருச்சிராப்பள்ளி’ என்று மட்டும் கீழே எழுதியிருந்தேன். வட்டத்தில் யாருக்கும் தெரியாது. ஒன்பதாம் பாகத்தின் முன்னுரையில் அம்மாவே குறிப்பிடுவார். அன்றைக்கு இவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

ஜூன் 7, புதன்

மோட்டார் ஓடவில்லை. பத்து மணிக்கு வருகிறேன் என்ற ரிப்பேர்க்காரர் ஒன்றரைக்கு வந்தார். கேட்டால் சிரிக்கிறார்.

ஜூன் 20, செவ்வாய்

ஷம்ஷாத் அலுவலக நேரத்தில் போன் செய்ய மாட்டார். தனியார் லேப் ஒன்றில் டெக்னீஷியன், பொறுப்பான பெண், வட்டத்தின் குழுவை நடத்துவதே அவர்தான். இன்று பதினொரு மணிக்கே கூப்பிட்டார். பதிப்பகம் விளம்பரம் போட்டிருக்கிறதாம். ‘ஒன்பது காற்றுகள், எட்டு பாகங்களும் அடங்கிய முழுத் தொகுப்பு, ஜனவரி வெளியீடு.’

முழு. எட்டு போட்டு முழு.

அதாவது ஒன்பது கிடையாது. மதியம் சாப்பாடு இறங்கவில்லை. சுலோச்சனா டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, கத்தரிக்காயில் உப்பு கூடிவிட்டதா என்று கேட்டாள். சரியாகத்தான் இருந்தது என்றேன். விஷயத்தைச் சொன்னதும், “வேற கதையே இல்லையா நாட்டுல” என்றாள். பிறகு அவளே போய்க் காபி போட்டு எடுத்து வந்தாள்.

ஜூலை 2, ஞாயிறு

கூட்டத்துக்கு இருபத்திரண்டு பேர். நாற்காலி பத்தாமல் பேப்பர் கட்டுகளின் மேல் உட்கார்ந்தார்கள்.

ஷம்ஷாத் பதிப்பகத்தில் ஒருவரைப் பிடித்துப் பேசியிருக்கிறார். அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்காருகிறார். ஆனால் பதினோரு வருடத்தில் ஒரு பக்கம் வந்து சேரவில்லை. எப்போது கேட்டாலும் ‘சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதுதான் பதிலாம். பதிப்பகமும் பொறுத்துப் பார்த்துவிட்டது. டிசம்பருக்குள் கையெழுத்துப் பிரதி வந்தால் விளம்பரத்தை மாற்றுவார்கள், வராவிட்டால் எட்டோடு மூடிவிடுவார்கள்.

“யாரோ ஒருத்தர் அனுப்பின கடுதாசிய வச்சிக்கிட்டுத்தான் சார் சரிபாக்குறாங்களாம்” என்றார் ஷம்ஷாத்.

அது எவன் என்று தெரிந்தால் அவன் வீட்டு வாசலில் போய் உட்காருவேன் என்று தைனிஸ் சொன்னான். நல்ல பையன்தான், வாய் கொஞ்சம் நீளம்.

இன்று பட்டாணிச் சுண்டல். மாங்காய் போட்டிருந்தார்கள். தேங்காய் கொஞ்சம் முற்றல். இஞ்சி சேர்த்திருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும். எழுத்தாளர் சரிபார்ப்பது நல்ல விஷயம்தான். சரிபார்க்காமல் எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

வட்டத்தின் சார்பில் மூன்று பேர் தூத்துக்குடிக்குப் போய் அம்மாவை நேரில் பார்ப்பது என்று முடிவானது. ஷம்ஷாத், தைனிஸ், நான். வயதில் மூத்தவன் என்று என் பெயரைப் போட்டுவிட்டார்கள். அலுவலகத்தில் ஆடிட் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். சனிக்கிழமை என்ன ஆடிட் என்று ஷம்ஷாத் கேட்டார்.

ஜூலை 15, சனி. தூத்துக்குடி, லாட்ஜ்

எழுதியாக வேண்டும்.

சந்துக்குள் சின்ன வீடு. கதவைத் திறந்தது அம்மாதான். எழுபத்திரண்டு வயது. குட்டையான உருவம், வெள்ளைப் பருத்திச் சேலை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. முப்பது வருடமாக இந்த ஒரு ஆளின் தலைக்குள் குடியிருந்தவன் நான். இப்போது அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். ஷம்ஷாத் அழுதேவிட்டார். அம்மா சிரித்துக்கொண்டே அவர் தோளில் தட்டி, “உள்ள வா தாயி, வெயிலு கொல்லுது” என்றார். எங்களுக்கு எலுமிச்சை ஜூஸும் மக்ரூனும் கொடுத்தார்.

என்னிடம் எங்கே வேலை என்று கேட்டார். ஆபீஸில் என்றேன். தைனிஸ் எதையோ சொல்ல வாயெடுத்தான், நல்லவேளை மக்ரூன் அடைத்துக்கொண்டது.

ஒன்பதாம் பாகம் எங்கே நிற்கிறது என்று ஷம்ஷாத் கேட்டதும், அம்மா எங்களைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நான்கு சுவரிலும் கட்டத்தாள். குறுக்கே நேரம், நெடுக்கே தூரம், ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சாய்கோடு. எங்கள் பிரிவில் ரயில்களுக்குப் போடும் அதே வரைபடம். எப்படிப் போடுவது என்று பட்டியலின் கடைசி இரண்டு பக்கத்தில் விளக்கம் எழுதியிருந்தேன். அதைப் பார்த்து அவரே கற்றுக்கொண்டிருக்கிறார். கோடுகள் பிசகில்லாமல் இருந்தன. எங்கள் பிரிவில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வருடம் ஆகும் இப்படிப் போட.

மேஜையில் பட்டியல் இருந்தது. ஸ்பைரல் பைண்டிங்கை இரண்டு முறை மாற்றினாராம். ஓரமெல்லாம் நைந்து பஞ்சாகியிருந்தது.

“உங்க ஊரு ஆளுதான், ரயில்வேக்காரரு. பேரு போடல” என்றார். “எங்கதைய இம்புட்டு அக்கறையா யாரும் படிச்சதில்ல பாத்துக்கிடுங்க. மலைச்சுப் போயிட்டேன். இப்படி ஒரு ஆள் படிக்கான்னா, நாம தப்புத் தப்பா எழுதலாமா?”

இருநூற்றுப் பதினொன்றைச் சரிசெய்துவிட்டாராம். மிச்சம் ஒன்று. அறுபத்தோராவது.

மூன்றாம் பாகத்தில் திகழியின் தாய் கொற்றவாயிலில் சாகக் கிடக்கிறாள். மகள் முத்திரைத் தீவில் இருக்கிறாள். சேதி கிடைத்த அன்று மாலை புறப்பட்டு, விடிவதற்குள் வந்து, தாயின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். வரைபடத்தில் பதினொரு விரல். பதினொரு நாள் பயணம். ‘இது நடந்திருக்க முடியாது’ என்று நான் எழுதியிருந்தேன். சிவப்பு மையில்.

“அவ வந்து சேரலன்னா, தாய்க்காரி தனியாத்தான செத்திருப்பா” என்றார் அம்மா. “அவ கடைசி மூச்சத்தான் மக முடிஞ்சு வச்சிருக்கா. அதான் ஒம்பதாவது காத்து. வரவே இல்லன்னா முடிச்சு ஏது, கத ஏது?”

பிறகு அம்மா, வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல, தன் தாய் இறந்த அன்று எக்ஸ்சேஞ்சில் டியூட்டியில் இருந்ததைச் சொன்னார். மாற்று ஆள் வரவில்லை. ஊர்ப்பட்ட ஜனங்களுக்கு டிரங்க் கால் இணைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஆறு மைல்தான். முடித்துவிட்டுப் போனபோது எல்லாம் ஆகிவிட்டிருந்தது. “அதனாலதான் திகழிய ராத்திரியோட ராத்திரியாக் கொண்டாந்துட்டேன் போல. நாள எண்ணாம எழுதிட்டேன்” என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

அந்தக் குரலில் அவர் மன்னிப்புக் கேட்டிருக்கக் கூடாது.

ஷம்ஷாத் பட்டியலைக் கையில் எடுத்துப் புரட்டினார். வட்டத்தின் கூட்டக் குறிப்பை ஆறு வருடமாக நான்தான் எழுதுகிறேன். ஏழு என்ற எண்ணுக்கு நடுவே கோடு போடுவது என் பழக்கம். பட்டியலில் எவ்வளவு ஏழு இருக்கிறதோ அவ்வளவு கோடு. அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பட்டியலை மெதுவாக மேஜையில் வைத்தார்.

ஜூலை 16, ஞாயிறு

காலைப் பஸ்ஸில் திரும்பினோம். தைனிஸ் முன் சீட்டில் குறட்டை. கோவில்பட்டி தாண்டியதும் ஷம்ஷாத் குரலைத் தாழ்த்தி, “அந்த ஏழு உங்களோடது சார்” என்றார்.

மதுரை வரைக்கும் எனக்கு நல்ல தூக்கம்.

ஜூலை 19, புதன்

இலேசாகக் காய்ச்சல். லீவு. குழுவில் ஷம்ஷாத் இதுவரை எதுவும் எழுதவில்லை. அம்மா நலமாக இருக்கிறார் என்று மட்டும் போட்டிருக்கிறார்.

ஜூலை 23, ஞாயிறு

காலையிலிருந்து கணக்குப் போட்டேன். வழி இல்லாமலா போகும்? மூன்றாம் காற்று அப்போது அவிழ்ந்திருந்தது, அது பின்னாலிருந்து தள்ளினால் வேகம் இரண்டு மடங்கு. ஐந்தரை நாள். நடுவில் நீரோட்டம் ஒன்று சேர்த்துக்கொண்டால் நாலு. அவள் கப்பலோட்டி ஓரனுக்குக் குறுக்குவழி தெரியும் என்று வைத்துக்கொண்டால் மூன்று. மூன்றுக்குக் கீழே வரவே இல்லை. எப்படிப் போட்டாலும் திகழி வந்து சேர்கையில் தாயை எரித்து இரண்டு நாள் ஆகிறது. இதையெல்லாம் அம்மாவும் போட்டுப் பார்த்திருப்பார். பதினோரு வருடம் போட்டுப் பார்த்திருப்பார்.

பதினெட்டுத் தாள் கிழித்துப் போட்டேன். சுலோச்சனா கூட்டித் தள்ளும்போது எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

ஜூலை 29, சனி

கேட்டுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், சிவப்பு மை, சுவர், ஏழு. கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“மூணாம் பாகம் வந்தப்ப நமக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு மாசம்” என்றாள். “குக்கர் தீயிற வாட கூடத் தெரியாம இந்த நாற்காலில உக்காந்து கேவிக் கேவி அழுதீங்க. உங்க வீட்டுல யாரோ செத்துட்டாங்கன்னு நான் ஓடியாந்தேன். வந்துட்டா சுலோ, வந்துட்டாங்கிறீங்க. யாருன்னு கேட்டா புஸ்தகத்தக் காட்டுறீங்க. பைத்தியத்துக்கிட்ட மாட்டிக்கிட்டோமோன்னு அன்னிக்கு நெனச்சேன்.”

எனக்கு நினைவில்லை என்றேன். நினைவிருக்கிறது. நாற்காலி, தீய்ந்த வாடை, பக்கம் எண் வரை நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் விரல் வைத்து அளக்கவில்லை. பத்துப் பதினைந்து வருடம் கழித்து, நாலு பேரைவிட நன்றாகப் படித்தவன் என்று காட்ட ஆசை வந்தபிறகுதான் அளந்தேன்.

ஆகஸ்ட் 5, சனி

தனியாகப் போனேன். இன்று தூத்துக்குடியில் மாதா கோயில் திருவிழா. பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஆறு மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றேன். ஊர் முழுக்கத் தலை. சந்துக்குள் நுழையவே அரை மணி ஆனது.

அம்மா என்னை அடையாளம் கண்டு, ஆபீஸ்காரர்தானே என்றார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

“அந்தப் பட்டியல் நான் எழுதினதும்மா” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அறுபத்தொன்றுக்கு வழி கண்டுபிடித்துவிட்டேனா, எங்கே தன் கணக்கு தப்பு என்று கேட்டார்.

“கணக்கு சரிதாம்மா. மூணு நாளுக்குக் கீழ வரல. ஆனா மொதத் தடவ படிச்சப்ப நான் கணக்கே போடல. அவ வந்து சேந்துட்டான்னு உக்காந்து அழுதேன். என் பொண்டாட்டி சாட்சி. அது நடந்துச்சு. நான் எழுதினதுதான் வேணாத வேல.”

கையை விட்டார். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மேளமும் வேட்டும் காதைப் பிளந்தன. அவர் கோபப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை, எதிர்பார்க்கவே இல்லை.

“பதினோரு வருசம்” என்றார். “எட்டு புஸ்தகத்துலயும் கடைசிப் பக்கத்துல எம்போன் நம்பர் இருக்கு. டெலிபோன்ல உக்காந்து தேஞ்சவ நான். ஒரு போனு போட்டுக் கேக்க முடியலையா உங்களுக்கு, என்ன ஆச்சுன்னு?”

முடியவில்லை அம்மா என்றேன். நன்றி வரும் என்று காத்திருந்தேன் என்றும் சொன்னேன். சொல்லியிருக்கவே வேண்டாம், ஆனால் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பின்னறைக்குப் போனார். தாள் கிழியும் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மூன்றாம் பாகத்தோடு திரும்பி வந்து, எதிரில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசித்தேன். திகழி நனைந்த துணியோடு உள்ளே வந்து கையைப் பிடிக்கும் இடம் வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னார்.

“வந்தாளா?”

“வந்தாம்மா.”

“எப்படி வந்தான்னு யாராச்சும் கேட்டா?”

“எனக்குத் தெரியாதும்மா. வந்தா.”

கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அப்புறம், கூட்டம் கூடினால் பஸ் கிடைக்காது, புறப்படுங்கள் என்றார். எழுதுவாரா மாட்டாரா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கூட்டம். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நிமிடம் ஆனது. தைனிஸ் எழுந்து கீழே கடைக்குப் போய்விட்டான், நான் கிளம்பும்வரை மேலே வரவில்லை. ஒரு அம்மாள், பன்னிரண்டு வருடம் காத்திருந்த தன் அண்ணன் போன வருடம் இறந்துபோனதைச் சொன்னார். என்னைத் திட்டவில்லை, அதை மட்டும்தான் சொன்னார்.

கூட்டக் குறிப்பு நோட்டை ஷம்ஷாத்திடம் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு, அடுத்த முதல் ஞாயிறும் நான்கு மணிதான் என்றார்.

செப்டம்பர் 3, ஞாயிறு

போனேன். கடைசி வரிசை. தைனிஸ் பேசவில்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

பேசவில்லை. டீ மட்டும் எனக்கும் ஒன்று வந்தது.

நவம்பர் 14, செவ்வாய்

அலுவலகத்தில் பத்தே முக்காலுக்குப் போன் அடித்தது. தூத்துக்குடி எண். நம்பரை ஷம்ஷாத்திடம் வாங்கினேன் என்றார் அம்மா. நலம் விசாரிக்கவில்லை, கோபம் போயிற்றா என்றும் தெரியவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார், டிரங்க் கால் பேசுகிறவர் மாதிரி.

“இருநூத்திப் பத்து பக்கம் ஆயிருக்கு. ஒரு சந்தேகம். கொற்றவாயில்ல இருந்து காத்துவாசலுக்குத் திகழி போணும். மேப்புல பன்னெண்டு விரலு. எத்தன நாளாவும்?”

எதிரே சுவரில் நாளைய வண்டிகளின் கோடுகள் இருந்தன. பன்னிரண்டு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“உங்களுக்கு எத்தன நாள்ல போய்ச் சேரணும்மா?” என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.

“விடியுததுக்குள்ள” என்றார்.

“அப்ப விடியறதுக்குள்ள போயிடலாம்மா.”

சரி, வைக்கட்டுமா, எழுதணும் என்றார். வைத்துவிட்டார்.